அழைத்தார்கள், இவன் வந்து நின்றான்: வேற்றுலக மங்கா கேள்வி – பதில்

போன இதழில், வேறு உலகத்துக்கு இழுத்துக்கொண்டு போகப்படும் சாதாரண மாணவனைப் பற்றிய சிரிப்பு மங்காக்கள், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதைகள், எனக்கு ஏன் பிடிக்கும் என்று அரைப்பக்கம் எழுதியிருந்தேன். அந்த அரைப்பக்கத்துக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் இங்கே இடம் இல்லை. சிலவற்றைச் சுருக்கி, எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டுப் பதில் சொல்கிறேன்.

அக்கா, 'இசெகாய்' 'இசெகாய்' என்று என் வகுப்பில் எல்லாரும் சொல்கிறார்கள். அது ஒரு மங்காவின் பெயரா?

இல்லை தம்பி, அது ஒரு வகை. ஜப்பானிய மொழியில் 'இ' என்றால் வேறு, 'செகாய்' என்றால் உலகம். வேற்றுலகம், அவ்வளவுதான். 2024 மார்ச்சில் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியே அந்தச் சொல்லைச் சேர்த்துக்கொண்டது.

உள்ளே போனால் பிரிவுகள் உண்டு. அங்கிருக்கும் யாரோ மந்திரம் போட்டு வரவழைத்தால் 'ஷோகான்'. தவறி விழுந்தோ, கதவைத் திறந்தோ, உள்ள உடம்போடு போய்ச் சேர்ந்தால் 'டெனி'. இங்கே செத்து அங்கே பிறந்தால் 'டென்செய்'. சிரிப்புக்கு நல்ல விதை ஷோகான்தான் என்பது என் கட்சி. தானாக விழுந்தவனிடம் யாருக்கும் எதிர்பார்ப்பு கிடையாது. அழைத்தவர்களுக்கோ மலை மலையாக எதிர்பார்ப்பு இருக்கும். பல வருஷம் தவம் கிடந்து, வட்டம் வரைந்து, விளக்கேற்றி, நாட்டைக் காப்பாற்ற வா என்று கூப்பிடுகிறார்கள். வெளிச்சம் அடங்கியதும் பார்த்தால், புத்தகப் பையோடு ஒரு பையன் நிற்கிறான். அவர்கள் முகத்தையும் அவன் முகத்தையும் அடுத்தடுத்த இரண்டு கட்டத்தில் வரைந்துவிட்டால் போதும், ஒரு வசனமும் தேவையில்லை.

எப்போதும் ஏன் பள்ளி மாணவனே போகிறான்? ஒரு தச்சரையோ நர்ஸையோ அழைத்தால் அந்த உலகத்துக்கு எவ்வளவு உபயோகமாக இருக்கும்!

வேறு ஆட்களும் போகிறார்கள். ஆபீஸ் வேலைக்காரர்கள் ஸ்லைம் என்ற கொழகொழப் பிராணியாக, வாளாகப் பிறக்கிற கதைகள்கூட இருக்கின்றன. ஆனால் முதலில் போனவர்கள் மாணவர்கள்தான். அதற்கு எளிய காரணம், இந்தக் கதைகள் வந்த பத்திரிகைகளைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் பள்ளிப் பிள்ளைகள். சிறுமிகளுக்கான 'நகயோஷி' மாத இதழில் க்ளாம்ப் என்ற மங்கா ஓவியர் குழுவினர் 1993-ல் ஆரம்பித்த 'மேஜிக் நைட் ரேயர்த்' அப்படித்தான். டோக்கியோ டவரைச் சுற்றிப் பார்க்க வெவ்வேறு பள்ளிகளிலிருந்து வந்த மூன்று சிறுமிகளை ஒரு வெளிச்சம் சூழ்கிறது, அடுத்த நிமிஷம் செஃபிரோ என்ற உலகத்தின் வானத்திலிருந்து விழுந்துகொண்டிருக்கிறார்கள். வாங்கிப் படிக்கிற பெண்ணும் அதே மாதம் பள்ளிச் சுற்றுலா போய்வந்தவளாக இருப்பாள்.

சீருடை இன்னொரு வசதி. கோட்டையும் குதிரையும் கவசமும் நிறைந்த கூட்டத்தில் ஒரே ஒரு பள்ளிச் சீருடை நின்றால், அது யார் என்று எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தெரியும். வரைபவர் விளக்கவே வேண்டாம்.

ஆனால் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. விடை தெரியாமல் கரும்பலகை முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று ஒரு மாணவனுக்கு நன்றாகத் தெரியும். கையில் சாக்பீஸ், பின்னால் நாற்பது ஜோடிக் கண்கள், பக்கத்தில் காத்திருக்கும் ஆசிரியர். அரசவைக்கு நடுவில் வந்து விழுந்தவனின் நிலைமையும் அச்சு அசலாக அதுதான். எல்லாரும் தன்னிடமிருந்து எதையோ எதிர்பார்க்கிறார்கள், தனக்கோ கேள்வியே புரியவில்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்ற விடுமுறையில், வீட்டில் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் அறையிலேயே கிடந்தேன். அத்தை மகள் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து கட்டில்மேல் போட்டுவிட்டுப் போனாள். வதாசே யூ வரைந்த 'ஃபுஷிகி யூகி', 1992-லிருந்து 1996 வரை வந்த தொடரின் முதல் தொகுதி. நாயகி மியாகாவுக்கு 15 வயது. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கவேண்டியவள். தேசிய நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தைத் திறக்கிறாள், அந்தப் புத்தகத்துக்குள்ளேயே விழுந்துவிடுகிறாள். அங்கே அவள் ஒரு தேசத்தைக் காக்கவேண்டிய பூசாரிணி. அந்தப் பெரிய பொறுப்புக்கு நடுவிலும் அவளுக்குப் பசிக்கிறது. ஆபத்து வந்தாலும் பசி, அழுது முடித்ததும் பசி. நடுவில் ஒருமுறை தன் உலகத்துக்குத் திரும்பி வருகிறாள், அந்தத் தேர்வு அப்படியே அங்கே காத்துக்கொண்டிருக்கிறது. இவளையே ஒரு உலகம் கூப்பிடும் என்றால் நான் எழுந்து முகம் கழுவலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. கழுவினேன். முழுக்கச் சிரிப்புக் கதை என்று அதைச் சொல்ல முடியாது, காதலும் சண்டையும்தான் அதிகம். ஆனாலும் என் பிள்ளையார் சுழி அதுதான்.

எந்த உலகத்துக்குப் போனாலும் எல்லாரும் ஜப்பானிய மொழி பேசுகிறார்களே, இது ஏமாற்று வேலை இல்லையா?

சோம்பேறித்தனமாகக் கடந்துபோனால் ஏமாற்று வேலைதான். அதையே ஒரு சிரிப்பாகவோ கதையாகவோ ஆக்கியவர்களும் இருக்கிறார்கள்.

'கோனோசுபா' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அகாட்சுகி நாட்சுமே இணையத்தில் எழுதி, 2013-ல் நாவலாக அச்சில் வந்து, 2014-ல் வதாரி மசாஹிதோ வரைய மங்காவானது. செத்துப்போன கசுமா என்ற பையனை வேறு உலகத்துக்கு அனுப்பும்முன் அக்வா தேவி விளக்குகிறாள்: மொழியெல்லாம் ஒரே நொடியில் மூளைக்குள் ஏற்றப்படும், கவலை வேண்டாம், அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் மூளை கலங்கிப்போகலாம், அவ்வளவுதான். ஒரு கடை ஊழியர் நிபந்தனைகளை வாசிப்பதுபோல அதை அவள் சொல்லும் விதத்தில், மொழிப் பிரச்சினையும் தீர்ந்தது, இந்தத் தேவியை நம்பலாமா என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது.

தகபயாஷி தோமோ 2000-ல் எழுதிய 'கியோ கரா மாவோ' கதையில் 15 வயது யூரி, ஒரு பொதுக் கழிப்பறைக் கோப்பை வழியாக உறிஞ்சப்பட்டுப் பேய்களின் அரசனாகப் போய்ச் சேர்கிறான். வந்த புதிதில் ஒரு வார்த்தை புரியாது. ஒருவன் அவன் தலையைப் பிடித்து அழுத்தியதும் மொழி திறந்துகொள்கிறது. வார்த்தைகள் புரிந்துவிட்டன, ஆனால் பழக்கவழக்கம் எதுவும் புரியவில்லை. விருந்தில் வுல்ஃப்ராம் என்ற இளவரசன் யூரியின் அம்மாவை இழிவாகப் பேசியதும் யூரி அவன் கன்னத்தில் அறைகிறான். அந்த நாட்டில் இடது கன்னத்தில் அறைந்தால் கல்யாணம் பேசியதாக அர்த்தம்! கோபத்தில் அந்த இளவரசன் மேசைக் கத்தியைக் கீழே தள்ளுகிறான், யூரி மரியாதையாகக் குனிந்து எடுக்கிறான். எடுத்தால் சண்டைக்குச் சம்மதம் என்று அர்த்தம். ஐந்து நிமிஷத்தில் ஒரு நிச்சயதார்த்தமும் ஒரு துவந்த யுத்தமும். மாட்சுமோட்டோ தெமாரி வரைந்த மங்காவிலும் இந்தக் கதையைப் படிக்கலாம்.

மொழியைக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொள்வதைப் பார்க்க ஆசையாக இருந்தால் ஹிகாவா கியோகோவின் 'கனாதா கரா' தேடுங்கள். 1991-லிருந்து 2003 வரை வந்த 14 தொகுதிகள். நோரிகோ என்ற மாணவி வார்த்தை வார்த்தையாகக் கற்றுக்கொள்கிறாள். கூட வருபவன் என்ன நினைக்கிறான் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. சிரிப்பு மங்கா இல்லை, ஆனால் அதில் இருக்கும் பொறுமையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மேடம், என் மகனுக்கு 12 வயது. எந்நேரமும் இந்தப் புத்தகங்களோடுதான் இருக்கிறான். ஓர் அட்டையைப் பார்த்துப் பயந்துவிட்டேன். தடுக்கட்டுமா?

தடுக்காதீர்கள் அம்மா, ஆனால் பிரித்துப் பார்த்துக் கொடுங்கள். உங்கள் பயம் நியாயமானது. இந்த வகையில் பெண்களை அரைகுறை ஆடையில் காட்டுவதையே வேலையாக வைத்திருக்கும் புத்தகங்கள் நிறைய. நாயகன் சந்தையில் அடிமைப் பெண்ணை விலைக்கு வாங்கி, அதைக் கருணை என்று சொல்லிக்கொள்ளும் கதைகளும் இருக்கின்றன. எனக்கு அவை பிடிக்காது, யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை. மேலே நான் ரசித்துச் சொன்ன கோனோசுபாவிலும் பெரியவர்களுக்கான பேச்சு உண்டு, 12 வயதுக்கு அது வேண்டாம்.

அவனுக்கு நிஷி ஒசாமுவின் 'இருமா-குன்' வாங்கிக் கொடுங்கள். 2017-லிருந்து 'ஷோனென் சாம்பியன்' வார இதழில் வருகிறது. 2019-ல் அனிமேயாகி, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடராகி, ஜப்பானின் பொது ஒலிபரப்பான என்எச்கேயின் கல்விச் சேனலில் ஓடியது.

இருமாவுக்கு 14 வயது. பொறுப்பில்லாத அப்பா அம்மா அவனை ஒரு பேய்க்கு விற்றுவிடுகிறார்கள். கேட்கவே வயிற்றைப் பிசைகிறது இல்லையா? ஆனால் வாங்கிய கிழப்பேய் சல்லிவனுக்கு வேண்டியது ஒரு பேரன் மட்டும்தான். மற்ற பேய்களெல்லாம் பேரப்பிள்ளை பெருமை பேசுவதைக் கேட்டுக் கேட்டு ஏங்கிப்போனவர். பையனைச் சீராட்டி, தான் தலைவராக இருக்கும் பேய்ப் பள்ளியில் சேர்த்துவிடுகிறார். முதல் நாள் பள்ளிப் பாட்டு ஒலிக்கிறது. மனிதர்களைத் தின்போம் என்று மாணவர்கள் எல்லாரும் கணீரென்று பாடுகிறார்கள். நடுவில் ஒரே ஒரு மனிதப் பிள்ளை, சீருடையில், வேர்த்துக் கொட்ட நிற்கிறான். போதாக்குறைக்குத் தாத்தா அவனை மேடையேற்றி ஒரு மந்திரத்தை வாசிக்கவைக்கிறார். தப்பாகச் சொன்னால் உடம்பே வெடித்துவிடும் என்ற தடைசெய்யப்பட்ட மந்திரம். சரியாகச் சொன்னால்? அன்றைக்கு முழுக்கக் கால் தடுக்கி விழமாட்டான். பலன் அவ்வளவுதான்!

எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்து வருகிறது. ஒவ்வொரு மாணவனும் தனக்கு ஒரு ஏவல் மிருகத்தை மந்திரத்தால் வரவழைக்கவேண்டும். இருமா முயல்கிறான். புகை வருகிறது. உள்ளே அகப்பட்டிருப்பவர், அந்தத் தேர்வையே நடத்திக்கொண்டிருந்த, பள்ளியே நடுங்கும் கலெகோ வாத்தியார். பந்துபோல் உருண்டையான, புசுபுசுவென்று இறகு வைத்த ஒரு குட்டிப் பிராணியாக உட்கார்ந்திருக்கிறார். முறைப்பு மட்டும் மாறவில்லை. வேறு உலகத்துக்கு அழைத்துவரப்பட்ட பையனின் கதையில், அந்தப் பையனே ஒருவரை அழைத்துவிடுகிறான்! நிஷி ஒசாமு அந்த முறைப்பை எப்படி வரைந்திருக்கிறார் என்று உங்கள் மகனோடு சேர்ந்து பாருங்கள். இருமாவுக்கு யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லத் தெரியாது. அது நல்ல குணமா, காயமா என்று கதை மெதுவாகக் கேட்டுக்கொண்டே போகிறது. 12 வயதில் அதைப் படிப்பது அவனுக்கு நல்லது.

இடமிருந்து வலமா, வலமிருந்து இடமா? முதல் புத்தகத்தைக் கடைசியிலிருந்து படித்துவிட்டேன்.

ஜப்பானிய மங்கா வலமிருந்து இடம். நமக்குப் பின்னட்டையாகத் தெரிவதுதான் முன்னட்டை. ஒரு பக்கத்துக்குள்ளும் வலது மேல்மூலையில் ஆரம்பித்து இடது கீழ்மூலையில் முடியுங்கள். பேச்சுக் குமிழிகளும் அப்படியே. இருபது பக்கத்தில் கண் பழகிவிடும்.

அக்கா, நான் ஒரு மங்கா வரைகிறேன். நாயகன் பதினொன்றாம் வகுப்பு. அரசவைக்கு வரவழைக்கப்படுகிறான், அளவில்லாத சக்தி கிடைக்கிறது, பார்த்தவர்கள் வாயடைத்துப்போகிறார்கள். சிரிப்புக் கதை என்றுதான் ஆரம்பித்தேன், ஆனால் படித்த நண்பர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. எட்டுப் பக்கம் இணைத்திருக்கிறேன்.

எட்டையும் மூன்று முறை பார்த்தேன், தங்கச்சி. கோடு நன்றாக வருகிறது, கைகளை ஒளித்துவைக்காமல் வரைகிறாய். சிரிப்பு எங்கே நழுவியது என்று சொல்கிறேன்.

உன் கதையில் ஆச்சரியப்படுபவர்கள் யார்? அரசன், மந்திரி, சிப்பாய்கள். பையனைப் பார்த்து அவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். அதைத் திருப்பிப் போடு. ஜப்பானில் 'மன்சாய்' என்று இருவர் நின்று பேசும் மேடைச் சிரிப்பு உண்டு. ஒருவர் அசட்டுத்தனமாக ஏதாவது சொல்வார், அவர் 'போகே'. இன்னொருவர் என்னய்யா இது என்று இடைமறிப்பார், அவர் 'ட்சுக்கோமி'. வேற்றுலகச் சிரிப்பில் உலகம் முழுவதும் போகே, வந்த மாணவன் ஒருவன்தான் ட்சுக்கோமி. கோனோசுபாவில் அறுவடைக் காலம் வந்தால் முட்டைக்கோஸ் கூட்டம் கூட்டமாகப் பறந்துவருகிறது. ஒன்றைப் பிடித்தால் அந்த உலகத்துக் காசில் 10,000 எரிஸ் என்று ஊரே வீரர்களைத் திரட்டிக்கொண்டு ஓடுகிறது. யாருக்கும் அதில் அதிசயம் இல்லை. கசுமா மட்டும் நடுவில் நின்று, முட்டைக்கோஸ் ஏன் பறக்கிறது என்று தவிக்கிறான். படிக்கிற நாமும் அவன் பக்கத்தில் நிற்கிறோம். அதனால்தான் அவன் சாதாரணமானவனாக இருந்தாகவேண்டும். அவன் நம்மிலிருந்து விலகி எல்லாம் வல்லவனாகிவிட்டால், யார் கண்ணால் அந்த உலகத்தைப் பார்த்துச் சிரிப்பது?

சக்தியே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை வை. அதே கதையில் மெகுமின் என்ற சிறுமிக்கு எல்லா மந்திரத்திலும் பெரிய வெடிப்பு மந்திரம் தெரியும். ஒரு நாளைக்கு ஒருமுறைதான் போடமுடியும், போட்டதும் அசையமுடியாமல் குப்புற விழுவாள், யாராவது முதுகில் சுமந்துகொண்டு வரவேண்டும். கசுமாவும் அக்வாவும் முதல் நாள் சாகசக்காரர்களாகப் பதிவு செய்யக் கட்டணம் இல்லாமல் நிற்கிறார்கள். அப்புறம் மதில் கட்டும் கூலி வேலைக்குப் போகிறார்கள், ராத்திரி குதிரை லாயத்தில் தூங்குகிறார்கள். அசுரராஜனை ஒழிக்க வந்தவர்களுக்கு முதல் கவலை படுக்க இடம். உன் பையன் அன்றைக்கு ராத்திரி எங்கே தூங்கினான் என்று உன் எட்டுப் பக்கத்தில் இல்லை.

சரி, உன் இரண்டாம் பக்கத்துக்கு வருகிறேன். அங்கே ஒரு சின்னக் கட்டத்தில் பையனின் ஜியோமெட்ரி பெட்டி திறந்து, காம்பஸ் கல் தரையில் உருண்டுபோகிறது. ஒரு சிப்பாய் அதை நோக்கி ஈட்டியை நீட்டுகிறான். எட்டுப் பக்கத்திலும் நான் சிரித்த ஒரே இடம் அது. நீ அதைத் தபால்தலை அளவில் வரைந்துவிட்டுச் சக்தி வெளிச்சத்துக்கு முழுப்பக்கம் கொடுத்துவிட்டாய். மாற்றிப் போட்டால் எப்படி இருக்கும்? மூன்று சிப்பாய்கள் காம்பஸைச் சுற்றி நிற்கட்டும். பையன் பயந்துபோய், இது ஆயுதம் இல்லை என்று காட்ட, தரையில் ஒரு வட்டம் போட்டுக் காட்டட்டும். அடுத்த கட்டத்தில் சத்தமே வேண்டாம், வசனமும் வேண்டாம், கிழட்டு மந்திரவாதியின் முகம் மட்டும். அவர் பார்வை பையன் போட்ட வட்டத்திலிருந்து, தான் கயிறும் ஆணியும் வைத்து ராப்பகலாக வரைந்த மந்திர வட்டத்துக்குப் போகிறது. அது ஒரு பக்கம் கோணி, முட்டைபோல் இருக்கிறது. மாவீரனைக் கூப்பிட்டால் இவன் ஏன் வந்தான் என்று அவருக்கு இப்போது புரிகிறது. எல்லாருக்கும் புரிகிறது. அரசன் மெதுவாக மந்திரவாதிப் பக்கம் திரும்புகிறான்.

இதில் பையனுக்கு எந்தச் சக்தியும் இல்லை. ஆனால் அந்த நாட்டிலேயே ஒழுங்கான வட்டம் போடத் தெரிந்தவன் அவன் ஒருவன். இனிமேல் அவனைத் திருப்பி அனுப்பவும் மனசு வராது, மாவீரன் என்று சொல்லவும் வாய் வராது. கதை தானாக நடக்கும்.

பக்கம் திருப்புவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீ இடமிருந்து வலமாக வரைகிறாய். அப்படியானால் வலப்பக்கத்தின் கீழ்மூலைக் கட்டம்தான் கதவு. அங்கே கேள்வியை வை, அதாவது மந்திரவாதியின் முகத்தை. கோணல் வட்டம் பக்கத்தைத் திருப்பிய பிறகு முதல் கட்டத்தில் பெரிதாக வரட்டும். இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்தால், புத்தகத்தை விரித்த உடனே கண் விடையைப் பார்த்துவிடும், சிரிப்பு வாசலிலேயே செத்துவிடும். திருத்திய பக்கங்களை அனுப்பு, நான் காத்திருக்கிறேன்.

தலைப்பே ஏன் ஒரு முழு வாக்கியமாக இருக்கிறது? சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது.

நிறையக் கதைகள் முதலில் வந்தது 'ஷோசெட்சுகா நி நாரோ' என்ற தளத்தில். நாவலாசிரியர் ஆவோம் என்று பொருள். 2004-ல் ஆரம்பித்தது, யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். ஆயிரக்கணக்கான கதைகளின் பட்டியலில் அட்டைப்படம் கிடையாது, தலைப்பு மட்டும்தான் கண்ணில் படும். அதனால் எழுதியவர்கள் கதைச் சுருக்கத்தையே தலைப்பாக்கினார்கள். அச்சுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

எல்லாம் ஒரே கதைதானே? லாரி மோதுகிறது, வேறு உலகம், சக்தி, கூட்டமாகப் பெண்கள். பத்து படித்தேன், எது எது என்றே ஞாபகம் இல்லை.

உங்கள் அலுப்பு ஜப்பானியர்களுக்கும் வந்தது. 2016-ல் அந்தத் தளமே வேற்றுலக மறுபிறப்பு, இடமாற்றக் கதைகளுக்குத் தனித் தரவரிசை வைத்துப் பிரித்தது. அதே வருஷம் அந்தத் தளத்தோடு சேர்ந்து நடந்த ஒரு சிறுகதைப் போட்டியில், வேற்றுலகத்துக்குப் போகிற கதைகளை ஏற்பதில்லை என்று விதியே போட்டார்கள்.

இருந்தாலும் வகையைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. லாரி என்ற வழக்கத்தையே கோனோசுபா எப்படிக் கையாள்கிறது பாருங்கள். ஒரு பெண்ணை லாரியிலிருந்து காப்பாற்றி உயிரைக் கொடுத்தோம் என்று கசுமா பெருமையோடு நிற்கிறான். வந்தது மெதுவாக ஊர்ந்த டிராக்டர், அவன் செத்தது பயத்தில்தான் என்று அக்வா சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். வழக்கம் நன்றாக வேரூன்றியிருந்தால்தான் இப்படி விளையாட முடியும்.

தேர்ந்தெடுக்க என் வழி இது: முதல் அத்தியாயத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள், அது எல்லாக் கதைக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மூன்றாவது அத்தியாயத்தைத் திறங்கள். நாயகனுக்கு அங்கே பசிக்கிறதா, செருப்பு கடிக்கிறதா, யாரிடமாவது கடன் பட்டிருக்கிறானா? இருந்தால் வாங்குங்கள். மூன்றாவது அத்தியாயத்திலும் அவனைப் பார்த்து ஊர் அசந்துபோய்க்கொண்டே இருந்தால் வைத்துவிடுங்கள்.

ஸ்லைம் ஏன் எல்லாக் கதையிலும் முதல் எதிரி?

1986-ல் வந்த 'டிராகன் குவெஸ்ட்' வீடியோ கேம்தான் காரணம். அதில் ஆரம்பத்திலேயே எதிர்ப்படும் மிகப் பலவீனமான எதிரி ஸ்லைம். மங்கா ஓவியர் தோரியாமா அகிரா அதைச் சிரித்த முகத்தோடு ஒரு நீலத் துளியாக வரைந்தார். அந்த விளையாட்டோடு வளர்ந்தவர்கள்தான் பின்னால் இந்தக் கதைகளை எழுதினார்கள்.

அக்கா, போனவன் திரும்பி வருகிற கதை ஏதாவது இருக்கிறதா? எல்லாரும் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். அவர்கள் வீட்டில் யாரும் தேடமாட்டார்களா என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

உன் கவலை எனக்கும் உண்டு. உனக்காகவே எழுதியதுபோல ஒன்று இருக்கிறது: 'இசெகாய் ஒஜிசான்', வேற்றுலக மாமா. வரைபவர் வைத்துக்கொண்டிருக்கும் புனைபெயர் 'ஹோதோண்டோ ஷிண்டேயிரு', கிட்டத்தட்டச் செத்துவிட்டவன் என்று அர்த்தம். 2018-லிருந்து வருகிறது.

2000-ஆம் ஆண்டு, 17 வயதில், ஒரு பையன் லாரியில் அடிபட்டு நினைவிழக்கிறான். 2017-ல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழிக்கிறான், இப்போது அவன் முப்பதைத் தாண்டிய மாமா. பார்க்க வந்த அக்கா மகன் தகாஃபுமியிடம் புரியாத மொழியில் ஏதோ பேசுகிறான். பதினேழு வருஷமும் வேறு உலகத்தில் இருந்தேன் என்கிறான். மாமாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று மருமகன் முடிவு கட்டும்போது, மேசையிலிருந்த டம்ளர் அந்தரத்தில் எழும்புகிறது. மந்திரம் உண்மை!

அந்த உலகத்தில் அவனை யாரும் மாவீரன் என்று கொண்டாடவில்லை. முகத்தைப் பார்த்து ஓர்க் என்ற அரக்க வகை என்று நினைத்து அடித்து விரட்டினார்கள். பெரிய பெரிய காரியங்கள் செய்திருக்கிறான், ஆனால் அதையெல்லாம் அவன் சொல்லும்போது பெருமை இல்லை, ஏதோ பழைய வேலையிடத்தைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுகிறான். சிரித்துக்கொண்டே படித்துவிட்டு, ராத்திரி படுக்கும்போது நெஞ்சு கனக்கும் மங்கா அது.

விழித்ததும் அவனுக்கு முக்கியமாகத் தெரியவேண்டியது ஒன்று உண்டு. அவன் சேகா வீடியோ கேம்களின் பக்தன். தான் கிடந்த இத்தனை வருஷத்தில் கன்சோல் எனும் விளையாட்டுப் பெட்டிகளின் போட்டியில் சேகா நிறுவனம் ஜெயித்ததா? அவன் அடிபட்டதற்கு அடுத்த வருஷமே, 2001-ல், சேகா கன்சோல் செய்வதை நிறுத்திவிட்டது. மருமகன் அதைச் சொல்லவேண்டியிருக்கிறது. அரக்கர்களைப் பார்த்துக் கலங்காத மனிதன் அந்தச் செய்தியில் உடைந்துபோகிறான். படித்த அன்றைக்கு நான் சிரித்தேன். அப்புறம் அந்தப் பக்கத்தை மூடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் கட்டிலில் உட்கார்ந்து அழுவது 17 வயதுப் பையன்தான், சட்டை மட்டும் பெரியது.